வசூல்காரன் வைத்த மொய்

சுரேஷ்கண்ணன் இரண்டாவது இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்த நேரம், டி.வி.க்கு மேலே கிடந்த செல்போன் அலற ஆரம்பித்தது. அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அது யார் போன் என்று பார்க்காமலே தெரியும். மூன்று மாதமாக அந்த வீட்டில் சேவல் கூவுவதற்கு முன்னால் அதுதான் கூவிக்கொண்டிருந்தது.

“எடுக்காத” என்றான், வாய் நிறைய இட்லியோடு.

அதற்குள் மகள் தர்சினிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த பவானி, எட்டி எடுத்துக் காதில் வைத்துவிட்டாள்.

“யாரு, சுரேஷ்கண்ணன் பொண்டாட்டியா?” என்றது ஒரு ஆண் குரல். “கடன் வாங்கித் தின்னவன் எங்கம்மா? பதில் சொல்ல வக்கில்லாம பொம்பளைகிட்ட போனக் குடுத்துட்டானாக்கும்? பின்னால டி.வி. ஓடுற சத்தம் கேக்குது. அது எங்க பணத்துல வாங்குன டி.வி. சத்தத்தக் கொறச்சு வச்சுப் பாருங்க. தேஞ்சு போயிரப் போகுது.”

“எவன்டா நீ?” என்று பவானி கேட்டு முடிப்பதற்குள் லைன் அறுந்துவிட்டது. சீப்பு ஒரு கையிலும் போன் ஒரு கையிலுமாகத் திரும்பினாள்.

“யாருய்யா இவன்?”

“ராங் நம்பரு.”

“ஒன் பேரு தெரிஞ்ச ராங் நம்பரா? நம்ம வீட்டு டி.வி. வாங்குன கணக்குத் தெரிஞ்ச ராங் நம்பரா?”

சுரேஷ்கண்ணன் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தான். மிச்ச இட்லி அந்தத் தண்ணீரில் ஊறியது. 

பழனிசெட்டிபட்டியில் வாடகை வீடு. தேனிக்கு வெளியே ஒரு நூல் மில்லில் பிட்டர் வேலை. சம்பளம் பேங்கில் ஏறும். மூன்று வருசத்துக்கு முன்னால், மில் கேட்டுக்கு வெளியே கலர் குடையை விரித்துக்கொண்டு, கழுத்தில் டை கட்டிய இரண்டு பையன்கள் வந்து நின்றார்கள். கையெழுத்து மட்டும் போட்டால் போதும், சும்மாவே கிரெடிட் கார்டு என்றார்கள். பஞ்சுத் தூசியோடு வெளியே வந்தவனை ‘சார்’ என்று கூப்பிட்டார்கள். அதுவரை அவனை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. அந்த ஒரு சொல்லுக்கே பாதிக் கையெழுத்தைப் போட்டுவிட்டான்.

கார்டு வந்தது. சட்டைப் பையில் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டான். மில்லில் அவனுக்கு ‘கோல்டு கார்டு’ என்றே பேராகிவிட்டது. முதலில் டி.வி. பிறகு வண்டிக்கு டயர், செல்போன், தீபாவளித் துணி. அதோடு நின்றிருந்தால்கூடப் பிழைத்திருப்பான். மில்லில் கூட வேலை பார்க்கிறவர்கள் எதை வாங்கப் போனாலும் இவனும் கூடவே போவான். இவன் கார்டைத் தேய்ப்பான். அவர்கள் பணத்தை இவன் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்தக் கைக்காசு பேங்குக்குப் போக வேண்டிய காசு. புரோட்டாக் கடைக்கும் டாஸ்மாக்குக்கும் போனது. இரண்டு தடவை ஏ.டி.எம்.மில் கார்டைச் சொருகி ரொக்கமாகவே எடுத்தான். எடுத்த அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பிக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. கூட வந்த தாளில் அது எழுதியிருந்தது. அந்தத் தாளை மடித்துத்தான் கட்டில் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தான்.

அவன் அப்பா வருசநாட்டில் இலவந்தோப்பைக் குத்தகைக்குப் பிடித்து, மரமேறிக் காய் பறித்தவர். வட்டிக்கு வாங்கித்தான் குத்தகை கட்டுவார். மாசாமாசம் வட்டியை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். காய் வெடித்துப் பஞ்சு விற்கும்வரை அசலைப் பற்றி வட்டிக்காரர் மூச்சுவிட மாட்டார். ‘வட்டி தவறாத மனுசன்’ என்று ஊரில் நல்ல பேர் வேறு. கடன் என்றால் இதுதான் என்று சுரேஷ்கண்ணன் படித்திருந்தான். பேங்கில் இருந்து வந்த தாளில் ‘குறைந்தபட்சம் கட்ட வேண்டியது’ என்று ஒரு சின்னத் தொகை போட்டிருந்தது. அதுதான் வட்டி, அதைக் கட்டினால் அசல் அது பாட்டுக்குத் தூங்கும் என்று முடிவு கட்டிவிட்டான். ஒரு மாசம்கூடத் தவறாமல் அதைக் கட்டினான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கட்டினான்.

அசல் தூங்கவில்லை. மிச்சம் வைத்த பணம் அத்தனைக்கும் மாசம் நூற்றுக்கு மூன்று வட்டி ஏறியது. பாக்கி வைத்தவன் புதிதாகத் தேய்க்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும், தேய்த்த நாளில் இருந்தே வட்டி. இவன் கட்டியதில் முக்கால்வாசி வட்டிக்கே சரியாகப் போனது. கடனை ஒரு பக்கம் கரண்டியால் மொண்டு வெளியே ஊற்றி, மறுபக்கம் குடத்தால் நிரப்பிக்கொண்டிருந்தான்.

இரண்டாயிரத்து எட்டில் கரண்ட் கட்டு வந்தது. மில்லில் ஷிப்ட்டைக் குறைத்தார்கள். சம்பளம் பாதியானது. முதல் கார்டைக் கட்ட இன்னொரு பேங்கில் இரண்டாவது கார்டு வாங்கினான். அதுவும் நிரம்பியது. பிறகுதான் போன்கள் வர ஆரம்பித்தன. அதில் அதிகமாகப் பேசியவன் வைகுண்டராஜ். பேங்க்காரன் இல்லை, இரண்டு பேங்குக்கும் வசூல் செய்து கொடுக்கிற ஆபீஸில் கமிஷனுக்கு இருப்பவன். மில்லுக்கும் போன் போட்டு, மேஸ்திரியிடம் பேசினான். அன்றிலிருந்து மில்லில் எவனும் இவனை ‘கோல்டு கார்டு’ என்று கூப்பிடவில்லை. ‘கார்டு பாக்கி’ என்று கூப்பிட்டார்கள்.

பவானி போனை எடுத்த அந்த வாரம் சின்னமனூரில் ஒரு காதணி விழாவுக்குப் போயிருந்தான். மொய் எழுதுகிற மேசையில் மைக் கட்டியிருந்தார்கள். ஊர், பேர், தொகை மூன்றையும் குழாயில் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். பித்தளை அண்டாவில் நோட்டு விழுந்துகொண்டே இருந்தது. சுரேஷ்கண்ணன் சோற்றைப் பார்க்கவில்லை, அண்டாவையே பார்த்தான். வீட்டுக்கு வந்ததும் சொன்னான்.

“தர்சினிக்குக் காது குத்திருவோம். மண்டபம் புடிச்சு, பெருசா.”

“இப்ப என்னய்யா அவசரம்?” என்றாள் பவானி. பிறகு அவளுக்கே விளங்கியது. “மொய்ய வாங்கிக் கடன அடைக்கப் போறியா?”

“நான் எத்தன வருசமா எத்தன பேருக்கு மொய் செஞ்சிருக்கேன். அதத் திருப்பி எடுக்கிறேன்.”

“வச்சது வரட்டும். வைக்காதவன் புதுசா வைக்கிறது? அது கடன்தான? நாளைக்கு அவன் வீட்டுப் பத்திரிகை வந்தா எங்க இருந்து எடுப்ப?”

“அதுக்குப் பத்து வருசம் ஆகும்டி. வட்டியில்லாத கடன்.”

“பத்து வருசம் கழிச்சு இன்னொரு பிள்ளைக்குக் காது குத்துவியாக்கும்? குத்துறதுக்குக் காது வேணுமே. எத்தன பெத்துக்கிறதா உத்தேசம்?”

அவன் பல்லைக் கடித்தான். “மொத்தமே இருவதாயிரம்தான் பாக்கி. ஒரே நாள்ல முடிஞ்சிரும்” என்றான்.

இருபதாயிரம் இல்லை. இரண்டு கார்டும் சேர்ந்து ஒரு லட்சத்து இருபதாயிரம். பெண்டாட்டியிடம் சொன்ன அந்தப் பொய்தான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய வட்டியைக் கேட்டது.

விழாவுக்கு எல்லாமே கடன். மண்டபத்துக்கு அட்வான்ஸ் மட்டும். பிரியாணிக்கு உத்தமபாளையத்து முஜிபுர் ரஹ்மான் பாய்க்கு அட்வான்ஸ் மட்டும். தெருமுனையில் ஒரு பிளக்ஸ் போர்டு. அதில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சுரேஷ்கண்ணன் கை கூப்பினான். காது குத்துகிற பிள்ளையின் படம் மூலையில், தபால்தலை அளவுக்கு.

பவானியின் அண்ணன் ராக்கையாவுக்கு இந்தக் கார்டு விவகாரம் எதுவும் தெரியாது. சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை. மருந்தடித்து மருந்தடித்து விரல் நகமெல்லாம் ஊதா நிறமாகிவிட்ட ஆள். தாய்மாமன் சீர் குறைந்தால் தங்கச்சிக்கு அசிங்கம் என்று, பால் கறந்துகொண்டிருந்த ஒரே பசுவை விற்றான். அரைப் பவுனில் தோடு, பட்டுப்பாவாடை, ஒரு கிடாய், பத்துத் தாம்பாளம் பழம், மேளம் என்று வேனை நிறைத்துக்கொண்டு வந்து இறங்கினான்.

“மாப்ள, கொறையொண்ணும் இல்லையே?” என்று அவன் கேட்டபோது, சுரேஷ்கண்ணன் அவன் முகத்தைப் பார்க்காமல் தாம்பாளங்களை எண்ணினான்.

ராக்கையா மடியில் உட்காரவைத்துத் தர்சினிக்குக் காது குத்தினார்கள். பிள்ளை வீரிட்டது. வாயில் வாழைப்பழத்தைத் திணித்தார்கள். பந்தி ஓடியது. மொய் மேசையில் மண்டபத்து மேனேஜர் சங்கரலிங்கம் மைக்கைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு முன்னால் எழுதி வைக்கிற சீட்டில் என்ன இருக்கிறதோ அதை வாசிப்பார். இருபது வருசப் பழக்கத்தில் வாய்தான் வாசிக்கும், கண் பந்தியில் இருக்கும்.

“வீரபாண்டி, பாண்டித்துரை, ஐநூத்தி ஒண்ணு! போடி, முருகம்மாள், இருநூத்தி ஒண்ணு!”

அண்டா நிரம்பிக்கொண்டிருந்தது. சுரேஷ்கண்ணனுக்கு மூச்சு சீராக வந்தது. அப்போதுதான் கையில் ஹெல்மெட்டோடு ஒருவன், பந்தியில் இருந்து கை துடைத்துக்கொண்டு நேரே அவனிடம் வந்தான். முகத்தை இதற்கு முன் பார்த்ததில்லை. குரல்தான் தினமும் போனில் கேட்ட குரல்.

“பிரியாணி பிரமாதம் சார். கெடா சீர்ல வந்ததா, எங்க காசுல வாங்குனதா?”

“வைகுண்டராஜா?”

“அவனேதான். போன எடுக்க மாட்டேங்கிறீக, அதான் நேர்ல பாத்துட்டுப் போகலாம்னு. போர்டுல போட்டோ நல்லாருக்கு சார். பாக்கில பாதி, அறுபதாயிரம் இன்னைக்கு எண்ணி வைங்க, போயிருதேன். அண்டாவுல இருக்கும்போல.”

“ஏலே, விசேச வீட்டுல வந்து என்ன பேச்சு பேசுத? வெளிய போடா நாயே!”

சுரேஷ்கண்ணன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளிவிட்டான். வைகுண்டராஜின் ஹெல்மெட் கீழே விழுந்து உருண்டது. அவன் குனிந்து எடுத்தான். தூசியைத் தட்டினான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான்கு பேர் சேர்ந்து அவனை வெளியே தள்ளியிருப்பார்கள். அவன் மொய் மேசைக்குப் போய், வரிசையில் நின்று, பையில் இருந்து பணத்தை எடுத்தான். சீட்டில் தானே எழுதி வைத்தான். சங்கரலிங்கத்தின் வாய் வாசித்துவிட்டது.

“தேனி, கிரெடிட் கார்டு பாக்கி வசூல் ஆபீஸ், வைகுண்டராஜ், நூத்தி ஒண்ணு!”

வாசித்த பிறகுதான் அவர் கண் சீட்டுக்கு வந்தது. அதற்குள் வைகுண்டராஜ் மைக் பக்கம் குனிந்து சாதாரணமாகச் சொன்னான்: “பாக்கி ஒரு லட்சத்து இருவதாயிரம்ணே. அதையும் சேத்து வாசிச்சிருங்க.”

குழாய் அதையும் வாங்கி மண்டபம் முழுக்கக் கொட்டியது.

கடைசிப் பந்தியில் எவனோ கெக்கலித்துச் சிரித்தான். வரிசையில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இவனுக்குத் திருப்பிச் செய்ய வேண்டியவர்கள் வைத்துவிட்டுப் போனார்கள். புதிதாக மொய் வைக்க வந்தவர்கள் சட்டைப் பையில் விட்ட கையை வெறுமனே வெளியே எடுத்தார்கள். திருப்பிச் செய்ய வக்கில்லாதவனுக்கு எவன் மொய் வைப்பான்? “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று ஒருவர் சொன்னார். அவருக்குப் பின்னால் பத்துப் பேருக்கு நேரமாகிவிட்டது.

முதலில் வந்து நின்றவர் முஜிபுர் ரஹ்மான் பாய். கையில் கரண்டியோடு அப்படியே வந்துவிட்டார்.

“தம்பி, கோவிச்சுக்காதீக. அரிசியும் நெய்யும் எம் பேர்ல வாங்குனது. பாக்கிய இப்பவே குடுத்துருங்க.”

“சாயங்காலம் தாரேன் பாய்.”

“சாயங்காலம் இந்த அண்டா இங்கன இருக்காது தம்பி.”

சங்கரலிங்கம் மைக்கை அணைத்துவிட்டு எழுந்தார். “வாடகைய எண்ணி வச்சாத்தான் சாமான் வெளிய போகும்” என்றார். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் இவனை ‘விழா நாயகன்’ என்று குழாயில் சொன்ன வாய் அதுதான். மளிகைக் கடைக்காரர் வந்தார். பிளக்ஸ் அடித்தவன் வந்தான். மேளக்காரர்கள் தவிலை இறக்கி வைத்துவிட்டு மேசையைச் சுற்றி நின்றார்கள்.

ராக்கையா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். “பசு மாட்ட வித்துச் சீர் செஞ்சிருக்கேன் மாப்ள. எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா? இது என் தங்கச்சி மகளுக்குக் காது குத்துன விழாவா, இல்ல நீ பிச்சை எடுக்கப் போட்ட பந்தலா?”

‘ஒரு லட்சத்து இருவதாயிரம்’ என்று பவானியின் உதடு அசைந்தது.

சுரேஷ்கண்ணன் அவளை ஓரமாக இழுத்தான். “பிள்ள தோட்டக் கழட்டு. ரெண்டு நாளைக்கு அடகு வச்சு இவிங்களத் தீத்துருவோம். பெறகு மீட்டுக்கலாம்.”

“தள்ளிப் போயிரு.”

அவள் கழற்றவில்லை. அவனே கையை நீட்டினான். தர்சினியின் காது இன்னும் சிவந்து தடித்திருந்தது. அவன் விரல் தோட்டில் பட்டதுமே பிள்ளை மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறியது.

“அப்பா, வலிக்குதுப்பா! வேணாம்ப்பா!”

விரலை எடுத்தான். நுனியில் சொட்டு ரத்தம் இருந்தது. வேட்டியில் துடைக்கப் போனவன், துடைக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். வசூல்காரன் போனில் திட்டியபோது வராத வெட்கம், குழாயில் மானம் போனபோதும் கோபமாக மட்டுமே வந்த வெட்கம், அப்போது வந்தது. தாம்பாளங்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பவானி பிள்ளையை அண்ணன் தோளில் கொடுத்தாள். மொய் மேசைக்குப் போய் அண்டாவைத் தன் பக்கம் இழுத்தாள். பாய்க்குக் கொடுத்தாள். மண்டப வாடகை, மளிகை, மேளம் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்து அனுப்பினாள். அடியில் கொஞ்சம்தான் மிச்சம். வைகுண்டராஜ் சிரித்துக்கொண்டே கையை நீட்டினான்.

“ஒன் கையில ஒத்த ரூவா குடுக்க மாட்டேன்” என்றாள் பவானி. “பேங்க் ஒன்ன அனுப்புச்சுன்னு எழுத்து இருக்கா? ரசீது புஸ்தகம் இருக்கா?”

“அதெல்லாம் ஆபீஸ்ல இருக்கும்மா.”

“அப்ப நீயும் ஆபீஸ்லயே இரு. பேங்குக்கு எனக்கு வழி தெரியும். இனி வீட்டுக்குப் போன் போட்டுக் கேவலமாப் பேசுனா, போலீஸ் ஸ்டேசனுக்கும் வழி தெரியும்.”

திங்கட்கிழமை அவளே அவனை இழுத்துக்கொண்டு இரண்டு பேங்குக்கும் போனாள். அங்கே யாரும் இவர்களுக்கு உபசாரம் செய்யவில்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த ஆபீசர், தாளை விரலால் சுட்டி, வேண்டாவெறுப்பாகத்தான் விளக்கினார்: எது வாங்கியது, எது வட்டி, எது தவறியதற்கு அபராதம். பவானி ஒவ்வொரு வரிக்கும் “இது என்ன?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆபீசர் எரிச்சலோடு கடிகாரத்தைப் பார்த்தார். அவள் எழுந்திருக்கவில்லை. கடைசியில் கார்டை முடக்கி, பாக்கியைத் தவணையாக மாற்றி, அதை எழுத்தில் கொடுத்தார்கள். கட்டில் காலுக்குக் கீழே கிடந்த தாளையும் அன்றைக்குத்தான் இருவரும் எடுத்துப் படித்தார்கள்.

டி.வி. போனது. வண்டி போனது. பவானி ராயப்பன்பட்டிப் பக்கம் திராட்சை வெட்டப் போனாள். சுரேஷ்கண்ணன் மில் விட்டு வந்ததும் மார்க்கெட்டில் மூட்டை இறக்கினான். புரோட்டாக் கடையில் கூட உட்கார்ந்து தின்ற ஒருவனும் பத்து ரூபாய் கைமாற்றுத் தரவில்லை. ராக்கையா அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பசு மாட்டுக்கான பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோதும் வாங்கிக்கொண்டு, “தண்ணி குடிக்கியா” என்று தங்கச்சியை மட்டும் கேட்டான்.

இரண்டு வருசம் ஆனது, எல்லாம் தீர. தீர்ந்தது என்று பேங்க் கொடுத்த எழுத்தைக் கையில் வாங்கிய அதே மாசம், பெரியகுளத்தில் இருந்து ஒரு பத்திரிகை வந்தது. வைகுண்டராஜ் மகனுக்குக் காதணி விழா. வைத்த மொய்யைக் கேட்டு வந்திருந்தது.

“போகணுமா?” என்றாள் பவானி.

“இது ஒண்ணுதான் இன்னும் பாக்கி” என்றான் சுரேஷ்கண்ணன்.

பெரியகுளத்தில் பெரிய மண்டபம். தெருவுக்கு மூன்று பிளக்ஸ். எல்லாவற்றிலும் வைகுண்டராஜ் கறுப்புக் கண்ணாடியோடு நின்றான். சுரேஷ்கண்ணன் பந்திக்குப் போகவில்லை. மொய் மேசையில் சீட்டில் எழுதி வைத்தான். குழாய் வாசித்தது.

“பழனிசெட்டிபட்டி, கார்டு பாக்கி முழுசும் கட்டி முடிச்ச சுரேஷ்கண்ணன், நூத்தி ஒண்ணு!”

வைகுண்டராஜ் மாலையோடு ஓடிவந்தான். முகம் கறுத்திருந்தது.

“என்னண்ணே, நாலு பேரு முன்னால இப்பிடி... வச்ச மொய்க்கு மேல அஞ்சு ரூவாகூட வைக்காம அப்பிடியே திருப்பிட்டீக?”

“கூட வச்சா ஒனக்கும் எனக்கும் கணக்குத் தொடரும். தொடர வேணாம்.”

“அன்னைக்கு நான் செஞ்சது என் வேலைண்ணே. மனசுல வச்சுக்காதீக.”

“வச்சுத்தான் இருக்கேன். ஒம் மேல உள்ள ஆத்திரம் எனக்குச் சாகுற வரைக்கும் போகாது” என்றான் சுரேஷ்கண்ணன். “ஆனா கார்டத் தேய்ச்சது ஒன் கை இல்ல, என் கை. மாசம் முடிய முழுப் பாக்கியையும் கட்டக் காசு இருக்கிறவன் மட்டும் அதத் தேய்க்கணும். கொஞ்சம் கட்டி மிச்சத்தத் தள்ளி வச்சா, அந்த மிச்சந்தான் நம்மளத் திங்கும். கடன அடைக்கக் கடன் வாங்குறவன் கடன அடைக்கல, கடன்காரன மாத்துறான். அதப் பொண்டாட்டிக்கு மறச்சவன் பிள்ள காதுல கை வைப்பான். நான் வச்சேன்.”

சுரேஷ்கண்ணன் மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தான்.

“இத என்ன காசுல புடிச்சன்னு நான் கேக்க மாட்டேன். நீயே கேட்டுக்க.”

அவன் படியிறங்கும்போது, பின்னால் வைகுண்டராஜின் பட்டுச் சட்டைப் பையில் செல்போன் அலறியது. அவன் எடுக்கவில்லை. அது நிற்கவும் இல்லை.